டெலிகன்வர்ட்டர் மாட்டியதும் தொல்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கேமரா பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் டெலிகன்வர்ட்டர் செய்வது ஒரே வேலைதான். லென்ஸ் உருவாக்கும் பிம்பத்தின் நடுப்பகுதியைப் பெரிதாக்கி சென்சார் முழுக்கப் பரப்புகிறது. பரப்பும்போது வெளிச்சமும் மெலிந்துவிடுகிறது. 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தைத் தின்னும், 1.7 மடங்கு ஒன்றரை ஸ்டாப், 2 மடங்கு இரண்டு ஸ்டாப். 400 மி.மீ. எஃப்/5.6 லென்ஸில் (எஃப் எண் கூடினால் திறப்பு சிறிது) 1.4-ஐ மாட்டினால் 560 மி.மீ. எஃப்/8, 2-ஐ மாட்டினால் 800 மி.மீ. எஃப்/11. ஜூம் லென்ஸோடு வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே விளங்கிவிடும்.

மீதிப் புகார்களுக்குக் காரணம், பிம்பத்தோடு சேர்ந்து மற்றவையும் பெரிதாவது. லென்ஸில் ஏற்கெனவே இருந்த மென்மை, ஃபோகஸ் பிழை, கை நடுக்கம், வெயிலில் அலையும் காற்று எல்லாமே அதே மடங்கில் கூடும். அதனால் கன்வர்ட்டரைத் திருப்பி அனுப்பும் முன் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

கேமராவை உறுதியான முக்காலியில் வையுங்கள். 10 முதல் 15 மீட்டர் தள்ளி, நிழலில், சிறு எழுத்து அச்சிட்ட அட்டை ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவும் அட்டையும் நேருக்கு நேர் இருக்கட்டும். ஸ்டெபிலைசரை (நடுக்கத்தை அடக்கும் அமைப்பு) அணைத்துவிட்டு, 2 நொடி டைமரும் எலக்ட்ரானிக் ஷட்டரும் வையுங்கள். டிஎஸ்எல்ஆர் (உள்ளே எழும்பும் கண்ணாடி உள்ள கேமரா) என்றால் லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்து எடுங்கள், கண்ணாடி எழும்பும் அதிர்வு இராது. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு எண்) 400-ஐத் தாண்ட வேண்டாம்.

ஜூமை முழுக்க நீட்டி மூன்று விதமாக எடுக்க வேண்டும். வெறும் லென்ஸ், அப்பெர்ச்சர் (வெளிச்சம் புகும் வாய்) முழுத் திறப்பு. கன்வர்ட்டரோடு, முழுத் திறப்பு. கன்வர்ட்டரோடு, ஒரு ஸ்டாப் மூடி. ஒவ்வொன்றிலும் நான்கைந்து படங்கள். ஒவ்வொரு படத்துக்கு முன்பும் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு மறுபடி பிடிக்க விடுங்கள்.

இப்போது வெறும் லென்ஸில் எடுத்ததில் மிகக் கூர்மையான படத்தைக் கணினியில் 140 சதவீதத்துக்கு (2 மடங்கு கன்வர்ட்டர் என்றால் 200 சதவீதத்துக்கு) பெரிதாக்கி, கன்வர்ட்டர் படத்தை 100 சதவீதத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் 100 சதவீதத்தில் ஒப்பிட்டு, கன்வர்ட்டர் படம் மென்மையாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிப் பார்த்தால் எந்தக் கன்வர்ட்டரும் தேறாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பெரிதாக்கிய படத்தில் படிக்க முடியாத எழுத்து கன்வர்ட்டர் படத்தில் படிக்க முடிகிறதா? முடிந்தால் கன்வர்ட்டர் தன் வேலையைச் செய்கிறது, வெளியில் வரும் தொல்லைக்குக் காரணம் வேறு. முடியாவிட்டால் கீழே தொடருங்கள்.

மாட்டவே முடியவில்லை, அல்லது ஜூம் வளையம் பாதியில் நிற்கிறது

கம்பெனிகள் தங்கள் லென்ஸுக்கென்றே செய்யும் கன்வர்ட்டர்களில் பெரும்பாலானவற்றில் முன்பக்கக் கண்ணாடி, மவுண்ட் (லென்ஸைப் பூட்டும்) வளையத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அது லென்ஸின் பின்வாய்க்குள் நுழைய இடம் வேண்டும். பின்கண்ணாடி மவுண்டுக்கு ஒட்டியே இருக்கும் லென்ஸ்களில் அந்த இடம் கிடையாது. இங்கே பலம் காட்டித் திருப்பினால் இரண்டு கண்ணாடிகளும் உரசும். கீறல் விழுந்தால் சரிசெய்ய வழியில்லை.

ஜூம் லென்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு. சில ஜூம்களில் குவியத்தூரத்தைக் குறைக்கும்போது பின்கண்ணாடிகள் பின்னோக்கி நகரும். கேனனின் மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத கேமரா) லென்ஸ் வரிசையான ஆர்எஃப்-இல் 100-500 இதற்கு நல்ல உதாரணம். ஆர்எஃப் எக்ஸ்டெண்டரை (கன்வர்ட்டருக்குக் கேனன் வைத்த பெயர்) மாட்டுவதற்கு முன்பே ஜூமை 300 மி.மீ.-க்கு அப்பால் தள்ளியிருக்க வேண்டும், மாட்டிய பிறகு 300-க்குக் கீழே வராது. 1.4 மாட்டினால் உங்களுக்குக் கிடைப்பது 420 முதல் 700 வரைதான். வளையம் 300-இல் நிற்பது கோளாறே இல்லை, அங்கே அழுத்தித் திருப்பாதீர்கள். லென்ஸை நீட்டிய நிலையிலேயே பையில் வைக்க வேண்டியிருக்கும் என்பதையும் வாங்கும் முன்பே நினைவில் வையுங்கள். அதே வரிசையில் ஆர்எஃப் 100-400, 200-800 இரண்டிலும் இந்தத் தடை இல்லை, முழு ஜூமும் கிடைக்கும்.

பொருந்தாத ஜோடிகளில் அடிக்கடி மாட்டிக்கொள்பவை சில உண்டு. 2019-இல் வந்த ஆர்எஃப் 70-200 எஃப்/2.8 எந்த எக்ஸ்டெண்டரையும் ஏற்காது, ஆர்எஃப் 70-200 எஃப்/4-ம் அப்படியே. 2024-இல் இசட் என்ற பெயரோடு வந்த 70-200 எஃப்/2.8 ஏற்கும். கேனனின் சிறு சென்சார் டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப்-எஸ் லென்ஸ் எதுவும் டிஎஸ்எல்ஆர் வரிசையான இஎஃப் எக்ஸ்டெண்டரில் ஏறாது. சோனியில் எஃப்இ 70-200 எஃப்/2.8, 100-400, 200-600 ஆகியவை ஏற்கும், எஃப்இ 70-300 ஏற்காது. சோனி இ மவுண்டுக்காக சிக்மாவும் டாம்ரானும் செய்யும் டெலி ஜூம்களுக்கு டெலிகன்வர்ட்டர் வசதி இல்லை. அதே சிக்மா 150-600-இன் எல் மவுண்ட் வடிவத்துக்கு சிக்மாவே கன்வர்ட்டர் தருகிறது. லென்ஸின் பெயர் ஒன்றாக இருந்தாலும் மவுண்ட் மாறினால் பதில் மாறும், கவனம்.

அடாப்டர் வைத்திருப்பவர்களுக்கு: பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸை மிரர்லெஸ்ஸில் போடும்போது வரிசை பாடி, அடாப்டர், பழைய வகைக் கன்வர்ட்டர், லென்ஸ் என்றே இருக்க வேண்டும். பாடியில் புதிய மிரர்லெஸ் கன்வர்ட்டரைப் போட்டு அதன் மேல் அடாப்டர் போடும் வழி நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் இல்லை, கேனனின் இஎஃப்-ஆர்எஃப் அடாப்டரிலும் இல்லை.

கென்கோ போன்ற கம்பெனிகளின் துருத்தாத கன்வர்ட்டர்கள் கிட்டத்தட்ட எதிலும் ஏறும். ஏறுகிறது என்பதற்காக அந்த லென்ஸ் அதற்குத் தகுந்தது என்று ஆகாது. 70-300 எஃப்/4-5.6 வகைச் சாதாரண ஜூமில் 300-இல் ஏற்கெனவே கூர்மை குறைவு, அதைப் பெரிதாக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஃபோகஸ் பிடிக்கவில்லை, முன்னும் பின்னும் ஓடுகிறது

இங்கே முதலில் பார்க்க வேண்டியது கேமரா டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா என்பது.

டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் சென்சார் லென்ஸ் வாயின் இரு ஓரங்களிலிருந்தும் வரும் கதிர்களை ஒப்பிட்டு வேலை செய்கிறது. எஃப்/5.6 அளவு திறப்பு இருக்கும் என்று எண்ணி அந்த ஓரங்களை வகுத்திருக்கிறார்கள். எஃப்/8 ஆகிவிட்டால் அந்த இடத்திலிருந்து கதிரே வராது, அதனால் சென்சாருக்கு ஒப்பிட ஒன்றும் இல்லை. சில பாடிகளில் மட்டும் எஃப்/8-க்கென்று தனிப் புள்ளிகள் உண்டு. கேனன் 7டி மார்க் 2-இல் நடுப்புள்ளி ஒன்று. 5டி மார்க் 3-க்கு அது 2013-இல் ஃபர்ம்வேர் (கேமராவின் உள்மென்பொருள்) வழியாக வந்தது. நிக்கான் டி7100-இல் நடுப்புள்ளி, டி500, டி850 இரண்டிலும் 15 புள்ளிகள். உங்கள் பாடியின் கையேட்டில் எஃப்/8 என்று தேடினால் எந்தப் புள்ளிகள் வேலை செய்யும் என்று படம் போட்டே காட்டியிருப்பார்கள். அதில் இல்லாத புள்ளியைத் தேர்ந்தெடுத்துவிட்டு லென்ஸைத் திட்டிப் பயனில்லை.

ஆகவே டிஎஸ்எல்ஆரில் 100-400 எஃப்/4.5-5.6-ம் 1.4-ம் சேர்ந்தால் எஃப்/8, மேலே சொன்ன பாடி என்றால் நடுப்புள்ளியில் வேலை செய்யும். 150-600 எஃப்/5-6.3-ம் 1.4-ம் சேர்ந்தால் எஃப்/9. அங்கே கையேட்டின்படி எதுவும் வேலை செய்யாது. நல்ல வெயிலில் சில நேரம் பிடிக்கும், நிழல் வந்ததும் விட்டுவிடும். அதை நம்பி ஊர் தாண்டிப் படமெடுக்கப் போகாதீர்கள். லைவ் வியூவுக்கு மாறினால் கேமரா முதன்மை சென்சாரிலேயே ஃபோகஸ் செய்யும், மெதுவாக, ஆனால் சரியாக. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது போதும்.

கன்வர்ட்டரின் மின்முனைகளில் சிலவற்றை டேப் ஒட்டி மறைத்து, கன்வர்ட்டர் இருப்பதே பாடிக்குத் தெரியாமல் செய்யும் பழைய வழி ஒன்று உண்டு. பாடி ஃபோகஸ் செய்ய முயலும் என்பது உண்மை. ஆனால் எஃப்/5.6 என்று நினைத்துக்கொண்டு முயல்வதால் தவறான இடத்தில் ஃபோகஸ் பிடித்துவிட்டுச் சரி என்று சொல்லும். ஃபோகஸ் பிடிக்காமல் போவதைவிட இது மோசம், ஏனென்றால் வீட்டுக்கு வந்து கணினியில் பார்க்கும்வரை தெரியாது.

மிரர்லெஸ்ஸில் இந்த எஃப்/8 சுவர் இல்லை. கேனன் இஓஎஸ் ஆர் எஃப்/11 வரையிலும், ஆர்5 எஃப்/22 வரையிலும் ஃபோகஸ் செய்யும். அப்படியும் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது என்றால் மூன்றைப் பாருங்கள்.

லென்ஸில் உள்ள ஃபோகஸ் வரம்பு ஸ்விட்ச். முழுத் தூரத்திலிருந்து ‘3 மீட்டர் முதல் முடிவிலி’ போன்ற நிலைக்கு மாற்றினால், தவறவிட்ட ஃபோகஸ் அருகில் போய்த் திரும்பிவரும் நேரம் மிச்சம். கன்வர்ட்டர் இருக்கும்போது இந்த ஒரு ஸ்விட்ச் தரும் பலன் அதிகம்.

ஃபோகஸ் பகுதியின் அளவு. ஒற்றைச் சிறு புள்ளி, மாறுபாடு (ஒளி நிழல் வேறுபாடு) இல்லாத சாம்பல் இறகின் மேல் விழுந்தால் பிடிக்காது. ஒரு படி பெரிய பகுதிக்குப் போங்கள், அல்லது உடலும் கழுத்தும் சேரும் கோடு போன்ற விளிம்பில் வையுங்கள்.

வெளிச்சம். ஃபோகஸ் சென்சாருக்குப் போகும் வெளிச்சமும் பாதியாகவோ கால்பங்காகவோ குறைந்திருக்கிறது. மாலை ஆறு மணிக்கு வெறும் லென்ஸ் பிடிக்கும் இடத்தில் 2 மடங்கு கன்வர்ட்டர் தடுமாறுவது இயல்பு.

ஃபோகஸ் சரியாகப் பிடிக்கிறது, ஆனால் மெதுவாக என்றால் அது பெரும்பாலும் வேண்டுமென்றே வைத்ததுதான். கேனன் தன் இஎஃப் எக்ஸ்டெண்டர்களில் ஃபோகஸ் மோட்டாரின் வேகத்தை 1.4-க்குப் பாதியாகவும் 2-க்குக் கால்பங்காகவும் குறைக்கிறது, துல்லியம் கெடாமலிருக்க. பறக்கும் பறவைக்கு 2 மடங்கு கன்வர்ட்டர் சரிவராது என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

படம் முழுக்க மென்மையாக இருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். மென்மை என்று சொல்லப்படுவதில் குறைந்தது ஐந்து வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. படத்தை 100 சதவீதத்தில் வைத்து, இந்த வரிசையில் பாருங்கள்.

படத்தில் எங்கேயாவது கூர்மையான இடம் இருக்கிறதா? பறவையின் கண் மென்மை, ஆனால் அது உட்கார்ந்த கிளையில் ஒரு கை அகலம் முன்னால் பட்டை தெளிவாகத் தெரிகிறது என்றால் அது ஃபோகஸ் பிழை. 560 மி.மீ. எஃப்/8-இல் 10 மீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளுக்கு முழுச்சட்ட சென்சாரில் கிடைக்கும் தெளிவு ஆழம் (கூர்மையாகத் தெரியும் முன்பின் தூரம்) சுமார் 15 செ.மீ.தான், முன்னால் ஏழரை, பின்னால் ஏழரை. டிஎஸ்எல்ஆரில் ஒவ்வொரு முறையும் பிழை ஒரே திசையில் விழுந்தால் பாடியின் ஃபோகஸ் நுண்திருத்த மெனுவில் சரிசெய்யலாம். வெறும் லென்ஸுக்குச் செய்த திருத்தம் கன்வர்ட்டரோடு சேர்ந்த ஜோடிக்குப் பொருந்தாது. பல பாடிகள் அந்த ஜோடியைத் தனி லென்ஸாகவே பதிவு செய்துகொள்ளும், அதனால் கன்வர்ட்டரை மாட்டிய பிறகு திருத்தத்தை மறுபடி செய்யுங்கள். ஜூமின் அகன்ற முனைக்கும் நீண்ட முனைக்கும் தனித்தனி எண் தர முடிந்தால், நீண்ட முனைக்கு முதலிடம் கொடுங்கள். கன்வர்ட்டர் போடுவதே அந்த முனைக்காகத்தானே. பிழை ஒரு முறை முன்னால், ஒரு முறை பின்னால் என்று சிதறினால் நுண்திருத்தத்தால் பயனில்லை. மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸைப் பார்ப்பதால் இந்த மெனுவுக்குத் தேவை அரிது.

எங்கும் கூர்மை இல்லை, புள்ளியாக இருக்க வேண்டிய ஒளிப்பொட்டு சிறு கோடாக நீண்டிருக்கிறது, எல்லாக் கோடும் ஒரே திசையில் என்றால் அசைவு. 400-க்கு 1/400 போதும் என்று பழகிய கை, 560-க்கும் அதே 1/400-ஐ வைத்திருக்கும். ஏபிஎஸ்-சி (முழுச்சட்டத்தைவிடச் சிறிய) சென்சார் என்றால் 560-ஐ ஒன்றரையால் பெருக்கி 840 என்று எண்ணிக்கொள்ளுங்கள், 1/1000-க்குக் குறையாமல் வையுங்கள். ஸ்டெபிலைசர் உங்கள் கையை நிறுத்தும், பறவையின் தலையை நிறுத்தாது. பறப்பவற்றுக்கு 1/2000 அல்லது அதற்கு மேல். முக்காலியில் வைத்தும் கோடு விழுகிறது என்றால் லென்ஸ் காலரின் (லென்ஸைச் சுற்றி முக்காலியில் பொருத்தும் வளையம்) பாதம், முக்காலித் தலையின் பூட்டு இரண்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். கண்ணாடியுள்ள கேமராவில் 1/8-க்கும் 1/60-க்கும் இடையிலான ஷட்டர் வேகங்கள் இங்கே ஆபத்தானவை, கண்ணாடி எழும்பும் அதிர்வு அடங்குவதற்குள் படம் பதிந்துவிடும்.

தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களில் ஒவ்வொன்றிலும் மென்மை வேறு மாதிரி இருக்கிறதா? ஒன்றில் கண் சரி, கால் நெளிசல், அடுத்ததில் கால் சரி, கண் நெளிசல். இது காற்று. சூடான தரையிலிருந்து எழும் காற்றடுக்குகள் ஒளியை வளைக்கின்றன, நீங்கள் அந்த நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்குகிறீர்கள். உறுதிப்படுத்த, முக்காலியில் வைத்து லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்புகள் நீருக்குள் இருப்பதுபோல் ஆடினால் வேறு எதையும் சரிபார்க்க வேண்டியதில்லை. இதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை. விடியலில் வாருங்கள், பொருளை நெருங்குங்கள், தார்ச்சாலைக்கும் மணல்வெளிக்கும் கார் பானெட்டுக்கும் மேலாக எடுக்காதீர்கள். குளிரூட்டிய காரின் ஜன்னல் வழியே எடுத்தாலும் இதே நெளிவு வரும், ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கி உள்ளும் புறமும் ஒரே சூடாகும்வரை பொறுங்கள். கன்வர்ட்டர் வாங்கிய புதிதில் ‘தூரத்தில் இருப்பதை எடுக்கலாம்’ என்று 150 மீட்டர் தள்ளி இருப்பதைக் குறிவைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போகிறார்கள். டெலிகன்வர்ட்டர், நடுத்தர தூரத்தில் இருக்கும் சிறிய பொருளைப் பெரிதாக்கத்தான். தூரத்தை அதனால் வெல்ல முடியாது.

எல்லாப் படத்திலும் ஒரே அளவு மென்மை, முழுத் திறப்பில் அதிகம், ஒரு ஸ்டாப் மூடினால் தெளிகிறது என்றால் லென்ஸின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். 1.4-இல் எஃப்/8-க்குப் பதில் எஃப்/9 அல்லது எஃப்/10 வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்த மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப்பிலேயே வித்தியாசம் தெரியும். ஜூமை முழு நீட்டத்திலிருந்து சற்றே பின்னிழுத்துப் பார்ப்பதும் உதவும், பல ஜூம்கள் கடைசி முனையில்தான் தளர்கின்றன.

மூடினாலும் தெளியவில்லை, இன்னும் மங்குகிறது என்றால் விளிம்பு விலகல் (சிறு திறப்பின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவது). எஃப்/8-இல் ஒரு ஒளிப்புள்ளி சுமார் 11 மைக்ரான் அகல வட்டாக விரியும், எஃப்/11-இல் 15, எஃப்/16-இல் 21. 45 மெகாபிக்சல் முழுச்சட்ட சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 4.4 மைக்ரான், 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி-இல் சுமார் 3.9. எஃப்/5.6 ஜூமில் 2 மடங்கு கன்வர்ட்டர் போட்டால் முழுத் திறப்பே எஃப்/11. லென்ஸின் குறையை மறைக்க மூட வேண்டும், மூடினால் விளிம்பு விலகல் தின்னும். எஃப்/5.6 ஜூமுக்கு 2 மடங்கு கன்வர்ட்டரை நாங்கள் பரிந்துரைக்காததற்கு முதல் காரணம் இதுவே.

கடைசியாக ஒன்று, ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்: லென்ஸ் முன்னால் விலை குறைந்த யுவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிட்டு எடுங்கள். 200 மி.மீ.-இல் தெரியாத ஃபில்டர் குறை 560-இல் பளிச்சென்று தெரியும்.

ஒரு பக்கம் மட்டும் மென்மை

இடது ஓரம் தெளிவு, வலது ஓரம் மங்கல் என்றால் சாய்வு. இரண்டு மவுண்ட் இணைப்புகள் இப்போது வரிசையாக இருக்கின்றன, எடையெல்லாம் அவற்றில் தொங்குகிறது. கன்வர்ட்டரை மாட்டிய நிலையில் லென்ஸை இடவலமாகச் சுழற்றினால் மயிரிழை ஆட்டம் இருப்பது இயல்பு. மேலும் கீழுமாக ஆடினால் இயல்பில்லை. மவுண்ட் வளையத்தின் திருகுகள் தளர்ந்திருக்கலாம், வளையத்தின் மேல் மணல் துகள் சிக்கியிருக்கலாம். துடைத்துவிட்டு, கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே அட்டையை மறுபடி எடுங்கள். மங்கல், கேமராவின் அதே பக்கத்தில் தொடர்ந்தால் கன்வர்ட்டரிலோ லென்ஸிலோ கண்ணாடி இடம் மாறியிருக்கிறது. மங்கலும் பக்கம் மாறிவிட்டால் அட்டைதான் நேராக இல்லை. லென்ஸை எப்போதும் அதன் காலரில் தாங்குங்கள், பாடியைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

மாறுபாடு குறைந்து வெளிறிய படம், விளிம்பில் ஊதா அல்லது பச்சைக் கோடு

வெளிறலுக்கு முதல் சந்தேகம் கைரேகை. கன்வர்ட்டரில் வெளியே திறந்திருக்கும் கண்ணாடி முகங்கள் இரண்டு, துருத்தும் முன்பக்கம் விரல் படுவதற்கென்றே இருப்பதுபோல் இருக்கும். சிறு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் எண்ணெய்ப் படலம், பூஞ்சை, ஆவி எல்லாம் தெரியும். ஹூட் இல்லாமல் வெயிலுக்கு எதிரே எடுப்பது அடுத்த காரணம்.

நிற விளிம்பு லென்ஸிலேயே இருந்தது, இப்போது 1.4 அல்லது 2 மடங்கு அகலமாகிவிட்டது. ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுத்து மென்பொருளில் நிற விளிம்பு நீக்கும் தேர்வைப் போட்டால் பெரும்பகுதி போய்விடும். கேமராவின் ஜேபெக் திருத்தம் கன்வர்ட்டரை அடையாளம் கண்டால்தான் சரியாக வேலை செய்யும், இல்லாவிட்டால் வெறும் லென்ஸுக்கான திருத்தத்தைப் போட்டுவிடும்.

படம் இருட்டு, அல்லது நாய்ஸ் (பொரிப் பொரியான புள்ளிகள்) தாங்கவில்லை

முழு மேனுவலில் எடுப்பவர்களுக்கு வரும் இருட்டு, வெறும் கணக்கு. எஃப்/5.6, 1/1000, ஐஎஸ்ஓ 800 வைத்திருந்த இடத்தில் 1.4-ஐ மாட்டியதும் அப்பெர்ச்சர் எஃப்/8 ஆகிவிட்டது, ஐஎஸ்ஓ 1600 வேண்டும். 2 என்றால் 3200. குவியத்தூரம் கூடியதால் ஷட்டரையும் 1/2000 ஆக்கினால் 6400. ஒரே மரம், ஒரே பறவை, 800-லிருந்து 6400 வரை ஏறிவிட்டோம். நாய்ஸைக் குறைக்கும் மென்பொருள் இறகின் நுண்கோடுகளையும் சேர்த்தே துடைத்துவிடும், கன்வர்ட்டரால் கிடைத்த விவரம் அங்கேயே போய்விடும். ஐஎஸ்ஓ 3200-ஐத் தாண்டும் நிலை வந்தால் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு, பின்னால் கிராப் செய்வதே மேல் என்பது எங்கள் முடிவு. 1.4 மடங்குக்குச் சமமாக கிராப் செய்தால் பிக்சலில் பாதி மிஞ்சும், 45 மெகாபிக்சல் 23 ஆகும். 2 மடங்குக்குச் சமமாகச் செய்தால் கால்பங்கு, 11.

ஆட்டோ நிலைகளில் பாடியே வெளிச்சத்தை அளந்து சரிசெய்துகொள்ளும். கையில் பிடிக்கும் தனி மீட்டரையோ மேனுவல் ஃபிளாஷையோ பயன்படுத்துபவர்கள் அந்த ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப்பைத் தாங்களே கூட்ட வேண்டும்.

பிழைச் செய்தி, அப்பெர்ச்சர் எண் வரவில்லை, தகவலில் 400 என்றே பதிகிறது

கேனனில் பிழை 01 என்று வந்தால் பாடிக்கும் லென்ஸுக்கும் இடையே பேச்சு நின்றுவிட்டது என்று பொருள். கன்வர்ட்டர் இருக்கும்போது தொடுமுனைகளின் எண்ணிக்கை இரட்டிப்பு, தவறும் வாய்ப்பும் அப்படியே. கேமராவை அணையுங்கள், பேட்டரியை எடுங்கள். பஞ்சு பிரியாத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு துளி தொட்டு, பாடி, கன்வர்ட்டரின் இருபக்கம், லென்ஸ் என்று நான்கு முகங்களையும் துடையுங்கள். ரப்பர் அழிப்பானால் தேய்க்க வேண்டாம், தங்கப் பூச்சு போகும், துகள் சென்சாரில் விழும். கன்வர்ட்டரை முதலில் லென்ஸில் பூட்டி, ‘க்ளிக்’ கேட்ட பிறகு இரண்டையும் சேர்த்துப் பாடியில் பூட்டுங்கள். பிறகுதான் கேமராவை ஆன் செய்ய வேண்டும். அப்படியும் வந்தால் பாடி, லென்ஸ் இரண்டின் ஃபர்ம்வேரையும் புதுப்பியுங்கள், லென்ஸ் வந்த பிறகு வந்த கன்வர்ட்டராக இருந்தால் இது அவசியம்.

தகவலில் 560-க்குப் பதில் 400 என்று பதிந்தால் கன்வர்ட்டர் தன்னைச் சொல்லிக்கொள்ளாத வகை. படத்துக்கு நேரடிக் கேடு இல்லை, ஆனால் பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசர் 400 என்ற எண்ணை நம்பியே சென்சாரை நகர்த்துகிறது. 560-க்குத் தேவையான அளவு நகராது, நடுக்கத்தில் ஒரு பங்கு மிஞ்சும். லென்ஸுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது திருத்திய பிம்பத்தைத்தான் கன்வர்ட்டர் பெரிதாக்குகிறது.

அப்படியானால் எதை வாங்குவது

உங்கள் ஜூமின் நீண்ட முனை அப்பெர்ச்சரைப் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது.

எஃப்/2.8 (70-200 வகை): 1.4 தாராளமாக, 280 எஃப்/4. 2 மடங்கும் போடலாம், 400 எஃப்/5.6. எந்தப் பாடியிலும் ஃபோகஸ் வேலை செய்யும். 2 மடங்கு கன்வர்ட்டர் செய்ததே இந்த லென்ஸ்களுக்காக என்று சொல்லலாம். ஆனால் வாரா வாரம் 400 தேவைப்பட்டால் 100-400 ஒன்று வாங்குவது நல்லது, அதுவே கூர்மை.

எஃப்/4 (70-200 வகை): 1.4 மட்டும். 280 எஃப்/5.6.

எஃப்/5.6 (100-400, 200-500): 1.4 மட்டும், மிரர்லெஸ் அல்லது எஃப்/8 ஃபோகஸ் உள்ள டிஎஸ்எல்ஆர் இருந்தால்.

எஃப்/6.3 (150-600, 200-600, 180-600): மிரர்லெஸ் மட்டும், நல்ல வெயில், அருகில் இருக்கும் பொருள். 840 எஃப்/9 கிடைக்கும். பையில் இருக்கட்டும், லென்ஸிலேயே விட்டுவைக்காதீர்கள்.

எஃப்/7.1 (100-500): 1.4-ஓடு 700 எஃப்/10. மேலே சொன்ன 300 மி.மீ. தடையோடு சேர்த்து யோசியுங்கள்.

இதே கன்வர்ட்டர் அருகில் இருப்பதற்கும் உதவும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. லென்ஸின் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் மாறாது, உருப்பெருக்கம் மட்டும் 1.4 அல்லது 2 மடங்காகும். பட்டாம்பூச்சி, தும்பி எடுப்பவர்களுக்கு அருகிலேயே போகாமல் பெரிய உருவம். அங்கே காற்றின் தொல்லை இல்லை, நெளிவு இல்லை, 100-400 ஒன்று 1.4-ஓடு தரும் மிகச் சிறந்த படங்கள் பெரும்பாலும் மூன்று மீட்டருக்குள் எடுத்தவையாகவே இருக்கும்.

பழைய கன்வர்ட்டர் வாங்குவதாக இருந்தால் உங்கள் பாடியையும் லென்ஸையும் கையோடு கொண்டுபோங்கள். கண்ணாடியை டார்ச்சில் பாருங்கள், மவுண்டின் திருகுத் தலைகள் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள் (தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள்), தொடுமுனைகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, அழுத்தினால் திரும்பி எழுகின்றனவா என்று பாருங்கள். பிறகு மாட்டி, ஜூமின் இரு முனைகளிலும் அப்பெர்ச்சர் எண் சரியாக மாறுகிறதா என்று திரையில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.